பிரண்டை: வளர்ப்பு, பறிப்பு, பயன்பாடு

பிரண்டை என்பது திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த, சதைப்பற்றுள்ள ஏறுகொடியாகும். வேலியிலும் பாறை இடுக்கிலும் தானாக வளரும். மதுரை மாவட்டத்தின் சமவெளிகளிலும், அழகர்மலை, நாகமலை போன்ற குன்றுகளின் அடிவாரப் புதர்க்காடுகளிலும் இதனைக் காணலாம். இதன் இளந்தண்டு துவையல், ஊறுகாய், வடகம் ஆகியவற்றுக்குப் பயன்படுகிறது. வளர்ப்பதற்கு இதைவிட எளிய கொடி இல்லை. ஆனால் பக்குவம் தெரியாமல் சமைத்தால் நாவும் தொண்டையும் அரித்துவிடும். எனவே எந்தத் தண்டைப் பறிப்பது, எப்படித் துப்புரவு செய்வது, எவ்வளவு வதக்குவது என்பவற்றை அறிந்த பிறகே இதனை உணவாகக் கொள்ள வேண்டும்.

பெயர்கள்

இதன் தாவரவியல் பெயர் சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ். கார்ல் லின்னேயஸ் 1767-இல் இப்பெயரை வெளியிட்டார். பெயரின் இரண்டாம் சொல் 'நான்கு கோணமுடையது' என்று பொருள்படும். தண்டின் நாற்பட்டை வடிவமே இப்பெயருக்குக் காரணம்.

தமிழில் வச்சிரவல்லி என்ற பெயரும் உண்டு. வச்சிரம் என்பது உறுதியையும் வல்லி என்பது கொடியையும் குறிக்கும். மதுரைப் பக்கத்துப் பேச்சு வழக்கில் 'பெரண்டை' என்பர். இந்தியில் 'ஹட்ஜோட்' எனப்படுகிறது. எலும்பை இணைப்பது என்பது அதன் பொருள். தெலுங்கில் நல்லேறு என்றும், மலையாளத்தில் சங்ஙலம்பரண்ட என்றும், சிங்களத்தில் ஹீரெஸ்ஸ என்றும் வழங்கப்படுகிறது. மலையாளப் பெயர் கொடியின் சங்கிலி போன்ற தோற்றத்தைச் சுட்டுகிறது.

தோற்றம்

தண்டு பச்சை நிறமானது. நான்கு பக்கமும் பட்டையான விளிம்புகளைக் கொண்டது. கணுவுக்குக் கணு ஒடுங்கியிருப்பதால் துண்டுகளைக் கோத்த சங்கிலி போல் தோன்றும். கணுக்களில் தடித்த சிறு இலைகள் விடும். இவை விரைவில் உதிர்ந்துவிடும். இலைக்கு எதிர்ப்புறத்தில் பற்றுக்கம்பி தோன்றும். அதைக் கொண்டே கொடி வேலியையும் மரத்தையும் பற்றி ஏறுகிறது. பூக்கள் மிகச் சிறியவை, நான்கு இதழ் கொண்டவை. பழம் உருண்டையாகப் பட்டாணி அளவில் இருக்கும். பழுத்தால் சிவக்கும். திராட்சைக்கு உறவு என்றாலும் இப்பழம் உண்ணப்படுவதில்லை, காரணம் அதிலும் அரிப்பு உண்டு.

வறட்சியைத் தாங்கும் விதம்

மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. அப்போதும் பிரண்டைத் தண்டு பசுமையாக நிற்கும். தண்டில் நீர் சேர்ந்திருப்பது ஒரு காரணம். அது காற்றை வாங்கும் முறை மற்றொரு காரணம்.

பெரும்பாலான செடிகள் பகலில் தம் நுண்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. அப்போது அத்துளைகள் வழியே நீரும் ஆவியாகிப் போகிறது. பிரண்டையின் தண்டோ பகலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கிறது. இரவில் ஏற்ற வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் வெயில் வந்ததும் அதிலிருந்து மாவுப்பொருளைத் தயாரிக்கிறது. கள்ளிச் செடிகளும் அன்னாசியும் பின்பற்றும் முறை இதுவே. இதனால் தண்டின் புளிப்பு விடியற்காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருக்கும். பிரண்டையின் இலை மட்டும் மற்றச் செடிகளின் இலையைப் போலவே பகலில் இயங்குகிறது. ஒரே கொடியில் தண்டுக்கு ஒரு முறையும் இலைக்கு ஒரு முறையும் அமைந்திருப்பது மாணவர்கள் கவனிக்கத்தக்கது.

வகைகள்

உணவுக்குப் பயன்படுவது பெரும்பாலும் நாற்பட்டைப் பிரண்டையே. மூன்று பட்டை உடைய முப்பிரண்டை அரிதாகக் கிடைக்கும். பட்டையின்றி உருண்ட தண்டுடையது உருட்டுப் பிரண்டை, தட்டையானது ஓலைப் பிரண்டை. கணுக்களுக்கு இடையே நீளம் குறைந்ததைப் பெண் பிரண்டை என்றும், நீளம் மிகுந்ததை ஆண் பிரண்டை என்றும் நாட்டு வழக்கில் பிரிப்பர். இது தோற்றத்தை வைத்துச் சொல்வது. தாவரவியலில் ஆண் பூ, பெண் பூ என்று பிரிப்பது வேறு.

அடையாளம் காணுதல்

வேலியிலிருந்து பறிப்போர் முதலில் கற்க வேண்டியது இதுவே. வேலிகளில் பிரண்டையோடு கள்ளி வகைகளும் கலந்து வளரும். சதுரக்கள்ளியின் தண்டும் பட்டை பட்டையாக இருக்கும். திருகுகள்ளி உருண்டு, உருட்டுப் பிரண்டை போல் மயக்கும். இவ்விரண்டையும் ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அப்பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே தீங்கு நேரலாம்.

பிரண்டையை ஒடித்தால் பால் வராது, நிறமற்ற நீரே கசியும். பிரண்டைக்கு முள் இல்லை. பற்றுக்கம்பி உண்டு. சதுரக்கள்ளிக்கு முள் உண்டு, பற்றுக்கம்பி இல்லை. ஒடித்த இடத்தில் ஒரு துளி பால் தெரிந்தாலும் அதைக் கையாளாமல் விட்டுவிட வேண்டும்.

பாறைகளின் மேல் வளரும் கல்லிமுளையானும் நாற்கோணத் தண்டுடையது. ஆனால் அது கொடியன்று. சிறு செடியாக நேராக நிற்கும். ஆடு மேய்ப்போர் அதனைப் பச்சையாகவே மென்று தின்பர். அதைப் பார்த்துப் பிரண்டையையும் பச்சையாகக் கடித்தால் வாய் வெந்துபோகும்.

வளர்ப்பு

விதையால் வளர்ப்பது வழக்கமில்லை. தண்டுத் துண்டே விதை. மூன்று கணுக்கள் கொண்ட முற்றிய துண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் வைக்க வேண்டும். வெட்டியவுடன் ஈரமண்ணில் ஊன்றினால் அழுகிவிடும். காய்ந்த துண்டின் அடிக்கணு மண்ணுக்குள் புதையுமாறு ஊன்ற வேண்டும். வேர் விடுவது கணுவில்தான்.

மேலூர்ப் பக்கத்துச் செம்மண் பிரண்டைக்கு ஏற்றது, ஏனெனில் தண்ணீர் தேங்காது. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மண் நீரை நெடுநாள் பிடித்து வைக்கும். அங்கே ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி, மண்ணோடு மணலும் மக்கிய சாணமும் கலந்து ஊன்றலாம். நகரத்து வீடுகளில் மாடியில் தொட்டி வைத்தும் வளர்க்கலாம். தொட்டியின் அடியில் துளை இருப்பது கட்டாயம். செம்மண், மணல், தொழு எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினால் போதும்.

ஆடி, ஆவணியில் ஊன்றினால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும். மழைக்காலம் முடிவதற்குள் கொடி ஓடத் தொடங்கும். தை, மாசியிலும் ஊன்றலாம், ஆனால் கைத்தண்ணீர் ஊற்ற வேண்டும். வேர் பிடிக்கும்வரை மண் காயும்போது சிறிது நீர் ஊற்றினால் போதும். அதன்பின் கோடையில் வாரம் ஒரு முறை ஊற்றினால் இளந்தண்டு மிகுதியாகக் கிடைக்கும். நீரே ஊற்றாவிட்டாலும் கொடி சாகாது. ஆனால் தண்டு சிறுத்து, நார் ஏறி, சமையலுக்கு ஆகாமல் போகும். வேலிப் பிரண்டையைவிட வீட்டுப் பிரண்டை மென்மையாக இருப்பதற்கு நீரே காரணம்.

ஏறுவதற்குக் கம்பி வேலியோ குச்சிப் பந்தலோ தேவை. முருங்கை, கறிவேப்பிலை போன்றவற்றின் கன்றுகள் மேல் ஏறவிடக் கூடாது. கொடியின் பாரம் தாங்காமல் கன்று சாய்ந்துவிடும். கவாத்து செய்த துண்டுகளைத் தரையில் போட்டுவிட்டால் அங்கேயே வேர்விட்டுப் பரவும். பூச்சித் தாக்குதல் குறைவு. மாவுப்பூச்சி கண்டால் வேகமாக நீர் பீய்ச்சிக் கழுவி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். உணவுக்கென வளர்ப்பதால் இரசாயன மருந்து அடிக்காமல் இருப்பது நல்லது.

பறிப்பு

கொடியின் நுனியிலிருந்து மூன்று அல்லது நான்கு கணுக்கள் வரையே உணவுக்கு உரியவை. நிறம் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். கணுவில் மடக்கினால் 'மொடுக்' என ஒடிய வேண்டும். ஒடிந்த பின்னும் இரு துண்டுகளும் நாரால் ஒட்டிக்கொண்டு தொங்கினால் அது முற்றியது. அந்த இடத்துக்கு மேலே உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு, முற்றியதைக் கொடியிலேயே விட வேண்டும். பறித்த கணுவுக்குக் கீழிருந்து புதுக்கிளை வெடிக்கும். எனவே அளவோடு பறிக்கப் பறிக்கத் தளிர் கூடும்.

கொடி சுமார் இரண்டு முழம் வளர்ந்த பின் முதல் பறிப்பைத் தொடங்கலாம். மழைக்குப் பின் வரும் தளிர்தான் மிக மென்மையானது. சாலையோரத்திலும் சாக்கடை ஓரத்திலும் வளர்வதைப் பறிக்கக் கூடாது. மருந்து தெளித்த வயலை அடுத்த வேலியையும் தவிர்க்க வேண்டும்.

குளிர்நாட்டுத் தோட்டங்களில் வளரும் ரூபார்ப் என்னும் செடிக்கும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. அதன் புளித்த இலைக்காம்பை இனிப்புக்குப் பயன்படுத்துவர். இலைத்தகட்டில் ஆக்சாலிக் அமிலம் மிகுதியாக இருப்பதால் அதை எறிந்துவிடுவர். பருவந்தோறும் நல்ல குளிர் கிடைத்தால்தான் அது தழைக்கும். எனவே மதுரை வெயிலில் அதை வளர்ப்பது கடினம். உண்ணும் பகுதியையும் ஒதுக்கும் பகுதியையும் பிரித்தறிவதே அதன் பயன்பாட்டுக்கு அடிப்படை. பிரண்டைக்கும் அப்படியே.

அரிப்பு எதனால்?

பிரண்டைத் தண்டின் உயிரணுக்களில் கால்சியம் ஆக்சலேட் என்னும் பொருள் ஊசி வடிவப் படிகங்களாகக் கட்டுக் கட்டாக அமைந்துள்ளது. தண்டை நறுக்கும்போதும் மெல்லும்போதும் இவ்வூசிகள் வெளிப்பட்டுத் தோலையும் நாவையும் குத்துகின்றன. சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு ஆகியவற்றின் அரிப்புக்கும் இதே வகைப் படிகங்களே காரணம். இப்படிகம் தண்ணீரில் கரையாது. ஆகவே வெறும் நீரில் வேகவைத்து வடித்துவிட்டால் அரிப்பு போய்விடும் என்று எண்ணக் கூடாது.

இந்த அரிப்பு வழக்குமொழியிலும் இடம்பெற்றுள்ளது. பிள்ளைகள் செய்யும் தவற்றால் மனம் நொந்த தாய், 'பெத்த வயித்துல பெரண்டையத்தான் வச்சுக் கட்டணும்' என்று புலம்புவாள். பிரண்டை பட்டால் தோல் என்ன பாடுபடும் என்பதை அறிந்தவர்களுக்கே அச்சொல்லின் வலி புரியும்.

துப்புரவு செய்தல்

1. தண்டை நறுக்குவதற்கு முன்பே நன்கு கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும்.
2. இரு கைகளிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். தோல் மென்மையானவர்கள் கையுறை அணியலாம்.
3. கணுக்களை வெட்டி நீக்க வேண்டும். இலை, பற்றுக்கம்பி இருந்தால் அவற்றையும் நீக்க வேண்டும்.
4. நான்கு விளிம்புகளிலும் உள்ள நாரை, அவரைக்காய்க்கு நார் உரிப்பதுபோல் உரிக்க வேண்டும்.
5. மீதமுள்ள சதையைச் சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும். துண்டு சிறிதானால் எண்ணெயில் சீராக வதங்கும்.

வேலை முடியும்வரை கண்ணையும் முகத்தையும் தொடக் கூடாது. கை அரித்தால் புளித்தண்ணீரில் கழுவி, பின்னர் எண்ணெய் தடவுவது வீட்டு வழக்கம்.

பிரண்டைத் துவையல்

நறுக்கிய பிரண்டை ஒரு கிண்ணம், உளுத்தம்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஐந்து, நெல்லிக்காய் அளவு புளி, சிறிது பெருங்காயம், தேங்காய்த் துருவல் இரண்டு மேசைக்கரண்டி, தேவையான உப்பு, நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி ஆகியவை வேண்டும்.

முதலில் ஒரு கரண்டி எண்ணெயில் பருப்பையும் மிளகாயையும் பெருங்காயத்தையும் சிவக்க வறுத்துத் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். மீதி எண்ணெயை ஊற்றி, அடுப்பைத் தணித்து, பிரண்டையைப் போட்டு வதக்க வேண்டும். இதுவே முக்கியமான கட்டம். பச்சை நிறம் மாறிப் பழுப்பு ஏறி, துண்டு சுருங்கி, பச்சை வாசனை முழுதும் போகும்வரை பொறுமையாக வதக்க வேண்டும். பெரும்பாலும் அரிப்பு மிஞ்சுவது இந்த இடத்தில் அவசரப்படுவதால்தான். கடைசியில் புளியையும் தேங்காயையும் சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டி இறக்கி ஆறவிட வேண்டும். பிறகு உப்புச் சேர்த்து, தண்ணீர் அதிகம் விடாமல் அரைக்க வேண்டும். பருப்பைக் கடைசியில் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் சுவை கூடும்.

பரிமாறும் முன் கடுகளவு எடுத்து நாக்கின் நுனியில் வைத்துப் பார்க்க வேண்டும். சுருக்கென்று குத்தினால், இன்னும் சிறிது புளிக்கரைசலும் எண்ணெயும் விட்டு, துவையலை மீண்டும் அடுப்பில் வைத்துச் சுண்ட வதக்கலாம். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தும், மோர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டும் உண்பர்.

பிற உணவுகள்

தேங்காய் சேர்க்காமல், புளியும் எண்ணெயும் கூட்டி, வெந்தயப் பொடியிட்டுச் சுண்டக் காய்ச்சினால் பிரண்டை ஊறுகாய் அல்லது தொக்கு ஆகும். வத்தக்குழம்பிலும் வதக்கிய பிரண்டை சேர்ப்பதுண்டு.

பிரண்டைச் சாற்றுக்கு அப்பளத்திலும் இடம் உண்டு. உளுத்தமாவில் பிரண்டைச் சாற்றை விட்டுப் பிசைந்து இடித்தால் அப்பளம் நன்கு பொரியும் என்பது பழைய பக்குவம். மதுரையில் சிந்தாமணி, அனுப்பானடிப் பகுதிகள் அப்பளம், வடகத் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. இப்போது பொதுவாக அப்பளக்காரம் சேர்ப்பதே வழக்கமாகிவிட்டது. பிரண்டை அப்பளம் என்று தனியாகக் கேட்டால்தான் சாறு சேர்த்தது கிடைக்கும்.

வழிபாடும் வழக்கமும்

சில சமூகங்களில் முன்னோர்க்குத் திதி கொடுக்கும் நாளில் பிரண்டைத் துவையல் கட்டாயமாக இடம்பெறும். இதற்கு ஒரு கதை சொல்வர். வசிட்டர் வீட்டுத் திதிக்கு அழைக்கப்பட்ட விசுவாமித்திரர் 1008 கறிகள் வேண்டும் என்றாராம். அருந்ததி பாகற்காய், பிரண்டை, பலாக்காய் ஆகியவற்றோடு வேறு எட்டுக் காய்களைச் சமைத்துப் பரிமாறினாளாம். பாகல் நூறு கறிக்கும், பிரண்டை முந்நூறு கறிக்கும், பலா அறுநூறு கறிக்கும் சமம் என்பதால் கணக்குச் சரியாயிற்றாம். ஆண்டுக்கு ஒரு நாளாவது பிரண்டை வீட்டுக்குள் வந்துசேர இவ்வழக்கம் உதவியது.

பொங்கலுக்கு முன் வீட்டு முகப்பில் காப்புக் கட்டும்போது வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை ஆகியவற்றுடன் பிரண்டையையும் சேர்த்துக் கட்டும் ஊர்கள் உண்டு.

மருத்துவப் பயன்

சித்த மருத்துவம் பிரண்டையைப் பசியின்மை, செரியாமை, மூலம் ஆகியவற்றுக்குப் பரிந்துரைக்கிறது. கொடியை உலர்த்தி எரித்துச் சாம்பலாக்கி, அதை நீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை வற்றவைத்து எடுப்பது பிரண்டை உப்பு. இதனை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டுமே கொள்ள வேண்டும். சுளுக்குக்குப் பிரண்டைச் சாற்றில் புளியும் உப்பும் கலந்து காய்ச்சிப் பற்றுப் போடுவது நாட்டு வழக்கம்.

எலும்பு முறிவு ஆறுவதில் பிரண்டையின் பங்கைப் பற்றி, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே. என். உடுப்பாவும் ஜி. சி. பிரசாதும் 1960-களில் ஆய்வு செய்து, விலங்குகளில் முறிவு விரைந்து கூடியதாகத் தெரிவித்தனர். அதன்பின் பிரண்டைச் சத்து மாத்திரையாகவும் பொடியாகவும் பல நாடுகளில் விற்பனைக்கு வந்துள்ளது. ஆனால் விலங்குகளில் கண்ட பயன் மனிதர்க்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. துவையலில் உள்ள சிறிதளவுப் பிரண்டையும் செறிவூட்டிய மாத்திரையும் ஒன்றல்ல. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுத்து, முறையாகக் கட்டுப்போடுவதே சிகிச்சை. பிரண்டையை நம்பி அதைத் தள்ளிப்போட்டால் எலும்பு கோணலாகக் கூடிவிட வாய்ப்புண்டு.

கால்நடை வளர்ப்பிலும் இது பயன்படுகிறது. சினை பிடிக்காத மாடுகளுக்கான மரபு மருத்துவ முறையில் முள்ளங்கி, கற்றாழை, முருங்கையிலை, பிரண்டை, கறிவேப்பிலை ஆகியன நாள்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கப்படுகின்றன.

எச்சரிக்கை

பிரண்டையைப் பச்சையாக மெல்வதும், பச்சைச் சாற்றைக் குடிப்பதும் கூடாது. வாயும் தொண்டையும் அரித்து வீங்கக்கூடும். மூச்சுவிடச் சிரமம் ஏற்பட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. எனவே கல் இருந்தவர்களும், சிறுநீரக நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். கருவுற்ற பெண்கள் தவிர்ப்பது நலம். நீரிழிவுக்கு மருந்து உண்போர் பிரண்டை மாத்திரை, பொடி ஆகியவற்றைத் தாமாகத் தொடங்கக் கூடாது. சிறு குழந்தைகளுக்கு முதன்முறை கொடுக்கும்போது, பெரியவர் சுவைத்துப் பார்த்த பின் மிகச் சிறிதளவே கொடுக்க வேண்டும்.

இன்றைய நிலை

மதுரை நகரம் விரிவடைந்த பகுதிகளில் உயிர்வேலிகள் நீங்கிச் சுற்றுச்சுவர்கள் எழுந்துள்ளன. வேலியோடு பிரண்டையும் போயிற்று. சந்தையில் கட்டாக விற்கப்படும் பிரண்டையில் இளந்தண்டும் முற்றியதும் கலந்திருக்கும். அதனை முழுவதும் நறுக்கிச் சமைத்து, ஒரு முறை தொண்டை அரித்தவர்கள் மறுமுறை வாங்குவதில்லை. குறை கொடியில் இல்லை, தேர்ந்தெடுத்த கணுவிலும் வதக்கிய நேரத்திலும் இருக்கிறது.

வீட்டுத் தோட்டத்திலோ மாடித் தொட்டியிலோ ஒரு கொடி வைத்திருப்போர்க்கு இச்சிக்கல் இல்லை. சமைக்கும் அன்று வேண்டிய அளவு நுனித்தண்டை மட்டும் ஒடித்துக்கொள்ளலாம். மூன்று கணுக்கள் கொண்ட ஒரு துண்டு கிடைத்தால் கொடியைத் தொடங்கிவிடலாம். சமைக்கும் பக்குவத்தை, வீட்டில் அதனை அறிந்த பெரியவர் இருக்கும்போதே அவர் அருகில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வது எளிது.